குற்றால சீசனுக்கு உளியும் ரம்பமும்: லீவில் கைக்கருவி மரவேலை செய்ய ஒரு வழிகாட்டி

கையால் மரவேலை பழகுகிறவர்களுக்குச் சென்னை மாதிரி ஊரில் பெரிய குறை, நேரமும் இடமும்தான். லீவில் இரண்டும் கிடைக்கும். ஆனால் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் தெரியும், அதில் எத்தனை சிக்கல் இருக்கிறது என்று. விமான நிலையத்தில் பையைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். லாட்ஜில் சத்தம் என்று நிறுத்தச் சொல்வார்கள். மரம் கிடைக்கும், அதைப் பிடித்துக்கொள்ள மேசை இருக்காது. இவை எல்லாவற்றிலும் மாட்டி, கேட்டுக் கேட்டு வழி கண்டுபிடித்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பாடு படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு எனக்கு நன்றாகப் பழக்கமான பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் சீசனில், சென்னையிலிருந்து தென்காசி, குற்றாலம் பக்கம் ஐந்தாறு நாள் தங்கல். வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. என்ன செய்யப் போகிறீர்கள் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

ஒரே ஒரு பொருள். அதற்கு மேல் வேண்டாம். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பினால் எல்லாக் கருவியும் தேவைப்படும் போலத் தோன்றும். பை பன்னிரண்டு கிலோ வரும். கடைசியில் அதில் நாலு கருவிதான் வெளியே வந்திருக்கும்.

முதல் தடவைக்கு நான் சொல்வது சிரட்டை அகப்பை. இல்லையென்றால் மரக்கரண்டி, பருப்பு மத்து. மூன்றுமே மடியில் வைத்துச் செய்யும் அளவுதான். தப்பாகப் போனாலும் நஷ்டம் பத்து இருபது ரூபாய் மரம். ஸ்டூல், பெட்டி போன்றவற்றை லீவில் தொடங்காதீர்கள். அவற்றுக்கு நேராக இழைத்த பலகை வேண்டும், பசை காய நேரம் வேண்டும், கொண்டுவர இடமும் வேண்டும். அது மட்டுமில்லை. சாரல் காற்றில் ஈரம் குடித்திருக்கும் பலகையில் கச்சிதமாகப் பொருத்திய மூட்டு, ஏசி ஓடும் வீட்டுக்கு வந்ததும் சுருங்கி ஆடத் தொடங்கும்.

2. தங்குமிடம் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்

சீசனில் குற்றாலத்தில் அறை வாடகை ஏறும். சனி, ஞாயிறு இன்னும் ஏறும். வேலை செய்ய நினைப்பவர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை தங்குவது நல்லது. வாடகையும் குறைவு, பக்கத்து அறையில் ஆளும் குறைவு. ஐந்தருவி, பழைய குற்றாலம் பக்கம் தோட்டத்தோடு இருக்கும் வீடுகளோ, தென்காசி ஊருக்குள் திண்ணை வைத்த பழைய வீடுகளோ கிடைத்தால், மாடி லாட்ஜ் அறையை விட அதுவே மேல்.

போனில் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். தரைத்தள வராந்தாவோ மொட்டைமாடியோ உபயோகிக்கலாமா? பகலில் இரண்டு மணி நேரம் லேசாகத் தட்டும் சத்தம் வந்தால் பரவாயில்லையா? மரச்சீவலை எங்கே போடுவது? அவர்கள் சரி என்று சொன்னபின், அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியவர் ஒருவர், நீங்கள் போய் இறங்கும்போது சாவி கொடுப்பவர் இன்னொருவராக இருப்பார். அந்த ஒரு வரி இல்லாததால், பாதியில் வேலையை மூட்டை கட்ட வேண்டி வந்திருக்கிறது எனக்கு.

3. பை: நாலு கிலோவைத் தாண்டாமல்

அகப்பை, கரண்டி அளவு வேலைக்கு இவ்வளவு போதும். விலைகள் கடைக்குக் கடை மாறும், தோராயமாகத்தான் சொல்கிறேன்.

- மடக்கு ரம்பம் ஒன்று, இழுக்கும்போது அறுக்கும் வகை. 800 முதல் 1,500 ரூபாய். தரையில் உட்கார்ந்து வேலை செய்ய, தள்ளி அறுக்கும் ரம்பத்தை விட இதுதான் வசதி.
- உளி இரண்டு: அரை இஞ்சு, ஒரு இஞ்சு. ஒன்று 300 முதல் 600 ரூபாய்.
- நேரான செதுக்குக் கத்தி ஒன்று. கரண்டி குடைவதாக இருந்தால் வளைந்த கத்தி ஒன்று. இரண்டும் சேர்த்து 1,500 முதல் 4,000 ரூபாய் வரை ஆகும்.
- நாலு இஞ்சு ஜி கிளாம்ப் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் திருகுப் பிடி) இரண்டு. ஒன்று 200 முதல் 300 ரூபாய்.
- கையால் சுற்றும் டிரில், கூடவே 3, 6, 10 மில்லிமீட்டர் பிட்டுகள்.
- எட்டு இஞ்சு அரைவட்ட அரம், சின்ன மூலைமட்டம் (செங்கோணம் பார்க்க), ஸ்டீல் அளவுகோல், பென்சில்.
- கத்தி கிழிக்காத கையுறை ஒன்று. 200 முதல் 400 ரூபாய். இதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.
- நாலு முழ பருத்திக் கயிறு. எதற்கென்று ஏழாவது படியில் சொல்கிறேன்.

கொட்டாப்புளியை, அதாவது உளியைத் தட்டும் மரச் சுத்தியலை, சுமக்க வேண்டாம். போகிற இடத்தில் கைக்கு அடங்கும் தடிமனில் ஒரு புளியங்கிளையோ வேப்பங்கிளையோ கிடைத்தால், பிடிக்கும் பக்கத்தை மட்டும் செதுக்கி எடுத்தால் அதுவே கொட்டாப்புளி. பலகையை இழைக்கும் இழைப்புளியையும் முதல் பயணத்தில் வீட்டிலேயே விடுங்கள். கனமும் அதிகம், அதைச் சரியாக உபயோகிக்க உறுதியான மேசையும் வேண்டும்.

வளைந்த கத்தியை மட்டும் கடைசி வாரத்தில் ஆன்லைனில் ஆர்டர் செய்யாதீர்கள். மலிவு விலையில் வருபவை பெரும்பாலும் பதம் இல்லாமலே வரும். வளைந்த முனையைத் தீட்டுவது நேர்க் கத்தியைத் தீட்டுவது போல் சுலபம் இல்லை, புதியவர்களுக்கு ஒரு முழு நாள் போகும். சென்னையில் பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் உளியும் அரமும் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். உளியின் பின்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று ஸ்டீல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் வேறு எடுங்கள்.

4. கிளம்பும் முன்பே தீட்டி முடியுங்கள்

லீவில் தீட்ட உட்கார்ந்தால் லீவே போய்விடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு மாலை ஒதுக்கி, எல்லாவற்றையும் முழுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மயிர் மழிக்கும் அளவு வரவேண்டும். போன இடத்தில் செய்ய வேண்டியது பதத்தைக் காப்பது மட்டும்தான்.

அதற்குச் சாணைக்கல்லைச் சுமக்கத் தேவையில்லை. 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) மும்மூன்று தாள், பழைய தோல் பெல்ட் ஒரு சாண், பச்சை பாலிஷ் கட்டி ஒரு சிறு துண்டு போதும். எல்லாம் சேர்த்து 200, 300 ரூபாய்க்குள் முடியும். தங்கும் இடத்தில் தரை டைல்ஸ் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, அதன்மேல் தாளைத் தண்ணீர் தொட்டு ஒட்டினால் அதுதான் உங்கள் கல். அரை மணிக்கு ஒரு தடவை, பாலிஷ் தேய்த்த பெல்ட்டில் பத்து இழுப்பு, கத்தியின் முதுகு முன்னே போகும்படி. முனையை முன்னே தள்ளினால் தோல்தான் வெட்டுப்படும்.

பாதுகாப்பாகக் கட்டுவதும் இந்தப் படியில்தான். ஒவ்வொரு முனைக்கும் தடித்த அட்டையில் உறை செய்து டேப் சுற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரு கித்தான் துணியில் சுருட்டிக் கட்டுங்கள். பையைத் திறந்து பார்க்கிறவர் கையில் குத்தினால், அப்புறம் எந்த விளக்கமும் எடுபடாது.

5. பயணம்: எதில் போனாலும் கையில் வைக்க வேண்டிய காகிதங்கள்

கருவிகள் வாங்கிய பில், அடையாள அட்டை, பையில் இருப்பவற்றை எழுதிய ஒரு பட்டியல். இவற்றை போனில் மட்டும் வைத்தால் போதாது, ஒரு பிரதி காகிதமாகவும் இருக்கட்டும். "மரவேலைக் கருவிகள்: உளி 2, ரம்பம் 1" என்று தமிழில் எழுதிய பட்டியல் சுருளின் மேலேயே இருந்தால், பார்க்கிறவருக்கு ஒரு நிமிடத்தில் விஷயம் புரியும். செய்து முடித்த கரண்டி ஒன்றையும் அதே சுருளில் வைப்பது என் வழக்கம். கேள்வி கேட்க வந்தவர்கள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

*ரயில்.* இதற்கு ஏற்றது ரயில்தான். எழும்பூரில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி, கடைசி நிறுத்தம் செங்கோட்டை. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. சீசன் வார இறுதி என்றால் திறந்த அன்று காலையிலேயே போடுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம், எடை பிரச்சினையே இல்லை. பிரச்சினை வருவது தின்னர், ஸ்பிரிட், டர்பன்டைன் போன்றவற்றால். எளிதில் தீப்பிடிக்கும் பொருளை ரயிலில் கொண்டுபோவது 1989 ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வார்னிஷ் டப்பா சின்னதுதானே என்று எண்ண வேண்டாம்.

பையைக் கீழ் இருக்கைக்கு அடியில் வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். ஓடுகிற ரயிலில் பொழுதுபோக்காகக் கத்தியை வெளியே எடுத்துச் செதுக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அது பயம்.

*விமானம்.* மதுரை அல்லது தூத்துக்குடி வரை பறந்து, அங்கிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் உண்டு. உளி, கத்தி, ரம்பம், சுத்தியல், டிரில் எதுவும் கைப்பையில் போகாது. எல்லாம் செக்-இன் பெட்டியில்தான். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. தாண்டினால் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் கேட்பார்கள். செக்-இன் பெட்டியிலும் போகாதவை சில உண்டு: தின்னர், ஸ்பிரிட், துருப்பிடிக்காமல் இருக்கப் போடும் கற்பூரம், கொப்பரைத் தேங்காய். சிரட்டை வேலை செய்யப் போகிறவர்கள் கொப்பரையோடு தேங்காயை எடுத்துப்போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். தென்காசியில் தேங்காய்க்கா பஞ்சம்?

*மெட்ரோ.* நிலையத்துக்குப் போக மெட்ரோவை நம்பாதீர்கள். ஸ்கேனரில் ரம்பமும் கத்தியும் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு, ரயிலும் போய்விடும். அன்றைக்கு மட்டும் ஆட்டோ.

6. மரம்: எங்கே வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

முதலில் தொடக்கூடாதது. குற்றாலத்தைச் சுற்றியுள்ள மலை, காப்புக்காடும் நெல்லை வனவிலங்கு சரணாலயமுமாகச் சேர்ந்தது. அங்கே கீழே விழுந்து கிடக்கும் கிளையைக்கூட எடுக்காதீர்கள். காய்ந்த விறகுதானே என்ற வாதம் வனத்துறையிடம் நிற்காது. சந்தனம், ஈட்டி (ரோஸ்வுட்) இரண்டின் பக்கமும் போகவே வேண்டாம், யாராவது சின்னத் துண்டு என்று மலிவாகக் கொடுத்தாலும் சரி.

நேர்வழி செங்கோட்டை. அங்கே மரம் அறுக்கும் மில்கள் நிறைய. பலகை வாங்கினால் கன அடிக் கணக்கு. நமக்குத் தேவை ஓரத்துண்டுகள், அவை விறகு விலைக்குக் கிலோக் கணக்கில் கிடைக்கும். காலை பத்து மணிக்கு மேல், வண்டி ஏற்றும் பரபரப்பு அடங்கியபின் போங்கள். "அண்ணாச்சி, அகப்பை செய்ய பலா துண்டு இருந்தா கொஞ்சம் பாத்து எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் நீங்களே குவியலில் தேடி எடுக்க விடுவார்கள். நூறு ரூபாய்க்குள் ஒரு வாரத்துக்கு வேண்டிய மரம் கிடைத்துவிடும்.

வாங்கியதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குங்கள். மர வகை, எடை, தேதி, கடை முத்திரை இருக்கட்டும். தமிழ்நாட்டில் மரத்தை இடம் விட்டு இடம் கொண்டுபோக 1968ஆம் ஆண்டு விதிகள் இன்னும் இருக்கின்றன. கைப்பையில் இரண்டு கிலோ பலாத்துண்டை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் காரில் பலகை ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு வழியாகக் கேரளா போகிறவர்களுக்குச் சீட்டு கட்டாயம் வேண்டும். தேக்கு என்றால் மில்காரரிடமே என்னென்ன காகிதம் தேவை என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

எந்த மரம்? என் தேர்வு இது. பலா மஞ்சளாக, கத்திக்கு இணக்கமாக வரும், கரண்டிக்கு நல்லது. பூவரசு உறுதியானது, பிளந்தால் நார் ஓடும் திசை தெளிவாகத் தெரியும், பிடிகளுக்கு ஏற்றது. மா எளிதில் கிடைக்கும், ஆனால் காயும்போது கறை விழும், பூச்சியும் சீக்கிரம் வரும். வேம்பில் நார் பின்னிப் பின்னி ஓடுவதால் புதியவர் கத்திக்கு அடங்காது. புளி வேண்டவே வேண்டாம். கறிக்கடைக்காரர் கட்டை அதில்தான் செய்கிறார் என்றாலே அதன் கடினம் புரியும்.

வாயில் வைக்கும் பொருளுக்கு அரளி மரத்தை ஒருபோதும் எடுக்காதீர்கள். தோட்டத்தில் அழகாக, நேராக, பச்சையாகக் கிடக்கும். முழு மரமும் விஷம். முந்திரியின் பாலும் தோலைக் கொப்புளிக்க வைத்துவிடும். பெயர் தெரியாத மரம் என்றால் விட்டுவிடுங்கள்.

7. பிடிமானம்: இதுதான் பாதி வேலை

லீவில் மரவேலை கைகூடாமல் போவதற்குக் காரணம் அறுக்கத் தெரியாததோ செதுக்கத் தெரியாததோ இல்லை. மரம் அசைவதுதான். அசையும் மரத்தில் எவ்வளவு நல்ல உளியும் வழுக்கும். வழுக்கிய உளி கையில்தான் போய் நிற்கும். மேசை இல்லாத இடத்தில் மரத்தை எப்படி நிறுத்துவது என்று பழகிவிட்டால், எந்த ஊரிலும் உட்கார்ந்து வேலை செய்யலாம்.

நம் ஊர் ஆசாரிகளைப் பாருங்கள். பட்டறையில் தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தைப் பிடித்து, இரண்டு கையும் கருவிக்கு என்று வேலை செய்வார்கள். இன்றைக்கும் பல ஊர்களில் பார்க்கலாம். அந்த வழிதான் லீவுக்குச் சரி. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். எந்தக் காணொளியையும் விட அதில் தெரிந்துகொள்வது அதிகம். போகும்போது டீ வாங்கிக்கொண்டு போங்கள்.

அவர்களுடைய கால் பிடிமானம் பல வருடப் பழக்கத்தில் வந்தது. புதியவர்கள் அதை அப்படியே செய்யப் போகவேண்டாம். தொடக்கத்துக்கு நான் சொல்லும் வழிகள் மூன்று.

*சுவர்.* கோணிச் சாக்கை நாலாக மடித்துத் தரையில் போடுங்கள். அதன்மேல் ஒரு அடிப்பலகை, பலகையின் ஒரு முனை சுவரோடு முட்டி நிற்க வேண்டும். செய்கிற துண்டின் முனையையும் சுவரோடு முட்டவைத்து, சுவரை நோக்கித் தள்ளி வேலை செய்யுங்கள். தள்ளும் விசை முழுவதையும் சுவர் வாங்கிக்கொள்ளும். சுவரில் கறை படாமல் இடையில் ஒரு அட்டை வையுங்கள்.

*படிக்கட்டும் திண்ணையும்.* இரண்டாவது படி உட்கார, நாலாவது படி மேசை. படியின் விளிம்பில் கிளாம்ப் பிடிக்க இடம் இருந்தால் இன்னும் நல்லது. கிளாம்புக்கு மேலும் கீழும் மரத்துண்டு வைக்காமல் முறுக்காதீர்கள். சிமெண்ட் விளிம்பு பெயர்ந்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். ஜன்னல் கம்பி, கட்டில் சட்டம் இரண்டிலும் கிளாம்ப் போடவே வேண்டாம்.

*கயிறு.* நான் அதிகம் நம்புவது இதைத்தான். அசையாமல் நிற்கும் சின்ன ஸ்டூலோ முக்காலியோ ஒன்று எடுங்கள். செய்கிற துண்டை அதன்மேல் வையுங்கள். கயிற்றின் நடுப்பகுதியைத் துண்டின் மேல் குறுக்கே போட்டு, இரண்டு முனையையும் ஸ்டூலின் இரண்டு பக்கமும் கீழே தொங்கவிட்டு, ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். கீழே ஒரு வளையம் கிடைக்கும், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில். அந்த வளையத்தில் பாதத்தை நுழைத்து அழுத்தினால் துண்டு இறுகி நிற்கும். காலைத் தூக்கினால் விட்டுவிடும், திருப்பி வைக்கலாம். அழுத்தும்போது பாதம் தரையைத் தொட்டுவிட்டால் இறுக்கம் வராது; அப்போது கயிற்றை இரண்டு விரல் அளவு குறைத்து மறுபடி முடிச்சுப் போடுங்கள். நைலான் கயிறு வழுக்கும், பருத்தியோ தேங்காய்நாரோதான் கவ்வும்.

எந்த வழியானாலும் ஒரே விதி: கருவி போகும் திசையில் உங்கள் உடம்பின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது. காலால் மிதித்துப் பிடித்திருந்தால், உளி காலிலிருந்து விலகிப் போகவேண்டும்.

8. அகப்பை: நாள் கணக்கோடு

ஐந்து நாள் தங்கல் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அருவிக்குப் போங்கள், வேலை வேண்டாம். போகிற வழியில் மரமும் தேங்காயும் வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள், அகப்பையின் பிடி. ஒன்றே கால் அடி நீளத்தில் பூவரசு அல்லது பலா. உருண்டைக் கட்டையாக இருந்தால் நடுப்புள்ளி வழியாகப் பிளந்து, அந்த நடுப்பகுதியைத் தள்ளிவிடுங்கள். வெடிப்பு தொடங்குவது அங்கிருந்துதான். பிடிக்கான துண்டை அறுத்து எடுக்காமல், உளியை வைத்துத் தட்டிப் பிளந்து எடுங்கள். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டுப் பிடி ஒருநாள் முறியும். பிளந்தால் நார் முனைக்கு முனை முழுசாக ஓடும். பெருவிரல் தடிமனுக்குச் செதுக்கி நிறுத்துங்கள். முடிக்க வேண்டாம். பச்சை மரமாக இருந்தால் செய்தித்தாளில் சுற்றி, காற்றும் வெயிலும் நேரே படாத இடத்தில் காயவிடுங்கள்.

மூன்றாம் நாள், சிரட்டை. முற்றிய தேங்காயைக் குறுக்கே உடைத்து, கண் இல்லாத பாதியை எடுங்கள். கண் உள்ள பாதியில் மெலிந்த இடம் இருக்கும், ஒழுகும். வெளிநாரைக் கத்தி முதுகால் சுரண்டி, பிறகு அரம், பிறகு உப்புத்தாள். முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் துளையிடும்போது வெடிக்காது. விளிம்பிலிருந்து ஒரு விரல் கீழே, எதிரெதிராக இரண்டு துளை. இரண்டையும் 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்குங்கள். பிடி நுழையும் துளையை 10 வரையும், முனை உட்காரும் எதிர்த்துளையை 6 வரையும் பெரிதாக்கினால் போதும். உள்பக்கம் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுங்கள். டிரில்லை அழுத்தாதீர்கள், சுற்ற மட்டும் செய்யுங்கள். பிட்டின் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும் கடைசி இரண்டு சுற்றில்தான் சிரட்டை கீறும்.

நான்காம் நாள் பொருத்துதல். பிடியின் முனையைக் கூராகச் சீவி, ஒரு துளையில் நுழைத்து எதிர்த்துளையில் உட்காரவையுங்கள். கொஞ்சம் சீவி, நுழைத்துப் பார்த்து, எங்கே பளபளப்பாக உரசிய தடம் தெரிகிறதோ அங்கே மட்டும் மறுபடி சீவுங்கள். பசை தேவையில்லை. ஆனால் பிடி பச்சையாக இருந்தால் இன்றைக்கு இறுக்கமாகப் பொருத்தி எந்தப் பயனும் இல்லை, சென்னை வந்து சேர்வதற்குள் சுருங்கி ஆடும். அப்படியானால் ஒரு நூல் கனம் தடிமனாகவே விட்டு, வீட்டில் இரண்டு வாரம் காய்ந்தபின் பொருத்துங்கள். காய்ந்த துண்டு மில்லிலேயே கிடைத்தால் இந்தக் கவலை இல்லை.

ஐந்தாம் நாள் கருவியைத் தொடாதீர்கள். துடைப்பது, கட்டுவது, இடத்தைக் கூட்டுவது மட்டும்.

9. காயம், குழந்தைகள், குரங்கு

கத்தி பிடிக்காத கையில் எப்போதும் கையுறை. பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி பைக்குள் மேலாக இருக்கட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் பத்து நிமிட அழுத்தத்தில் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. காத்திருக்காதீர்கள்.

வெளிச்சம் குறைந்தபின் கத்தியைத் தொடவேண்டாம். சாரலில் வராந்தா தரை வழுக்கும், அதையும் கவனியுங்கள்.

குழந்தைகள் வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். உப்புத்தாளும் சிரட்டையும் கொடுங்கள், மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். ஆனால் எழுந்து போகும் ஒவ்வொரு தடவையும் கருவிகள் சுருளுக்குள் போய்ப் பெட்டி பூட்டப்பட வேண்டும். குரங்குகளுக்காகவும்தான். குற்றாலத்தில் வராந்தாவில் வைத்த எதையும் அவை விட்டுவைக்காது. தேங்காய் வாசம் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

10. மெருகும் திரும்புதலும்

சமையல் பொருளுக்கு வார்னிஷ் வேண்டாம். தேங்காய் எண்ணெய் போதும். அது உலர்ந்து படலமாகாது, ஊறி நிற்கும், மாதம் ஒருமுறை தடவ வேண்டியிருக்கும். கொஞ்சம் பளபளப்பு வேண்டுமென்றால் நாட்டு மருந்துக்கடையில் தேன்மெழுகு வாங்கி, ஒரு பங்கு மெழுகுக்கு நாலு பங்கு எண்ணெய் சேர்த்து, கொதிநீருக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வைக்காதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய் உபயோகிக்கிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அதில் நனைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், உலரும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப்போடுங்கள். அறைக்குள் விட்டுவிட்டு அருவிக்குப் போகாதீர்கள்.

சாரல் ஊரில் ஒரே ராத்திரியில் இரும்பில் துரு பூக்கும். தினமும் வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட விரலால் ஒரு பூச்சு. ஈரமான கித்தான் சுருளுக்குள் கருவியை வைக்காதீர்கள்.

வெளிநாட்டுக்குக் கரண்டி, அகப்பை கொண்டுபோகிறவர்களுக்கு: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகும்போது மரப்பொருள் இருப்பதை வருகைப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள். மறைத்தால் அபராதம். பட்டை ஒட்டியிருக்கும் மரம், பூச்சித் துளை உள்ள மரம் உள்ளே போகாது. உளியிலும் ரம்பத்திலும் ஒட்டிய மண், மரத்தூளையும் சுத்தமாகக் கழுவித் துடையுங்கள். விலை உயர்ந்த கருவிகளை இந்தியாவிலிருந்து எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவதாக இருந்தால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கப் பிரிவில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். இல்லையென்றால் திரும்பி வரும்போது வெளியில் வாங்கியதாக நினைத்துத் தீர்வை கேட்கக்கூடும். இதற்குப் பில்லும் வேண்டும், வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போகவும் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே பரணில் போடாதீர்கள். அன்றைக்கே பிரித்து, எல்லாவற்றையும் துடைத்து, அரை நாள் மின்விசிறிக் காற்றில் வைத்தபிறகு உறை போடுங்கள். அகப்பையை முதல் ஒரு மாதம் தண்ணீரில் ஊறவிட வேண்டாம், கழுவிய கையோடு துடைத்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். பிடி லேசாக ஆடினால் எதிர்த்துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சின்ன ஆப்பு ஒன்று அடித்தால் மறுபடி இறுகிவிடும்.